வெங்கல் சக்கரையின் 'ஜீசஸ் தி அவதார்': ஒரு மதிப்பீடு

இயேசு முழு மனிதர், முழுக் கடவுள் என்பது கிறிஸ்தவ நம்பிக்கையின் மையம். கி.பி. 451-இல் கூடிய கல்சிதோன் பொதுச்சங்கம், இவ்விரு இயல்புகளும் கலவாமலும் பிரியாமலும் அவர் ஒருவரிலேயே உள்ளன என்று வரையறுத்தது. அதற்குக் கைகொடுத்தவை கிரேக்கத் தத்துவச் சொற்கள். அதே நம்பிக்கையை 'அவதாரம்' என்னும் நம் நாட்டுச் சொல்லால் விளக்க முயன்ற ஆங்கில நூல் 'ஜீசஸ் தி அவதார்'. இதை எழுதிய வெங்கல் சக்கரை (1880–1958), இந்துக் குடும்பத்தில் பிறந்து 1903-இல் திருமுழுக்குப் பெற்றவர். பின்னாளில் சென்னை மேயராகவும் இருந்தார்.

அவதாரம் என்றதும் இராமனும் கண்ணனும் நம் நினைவுக்கு வருவர். வந்த செயல் முடிந்ததும் அவதாரமும் நிறைவுறும். சக்கரை இங்கே வேறுபடுகிறார். இயேசு ஏற்ற மனித இயல்பு சிலுவையோடு முடியவில்லை; உயிர்த்த பின்னும் அது நிலைக்கிறது என்கிறார்.

நூலின் வலிமை, இயேசுவின் மனிதத் தன்மையிலிருந்து தொடங்குவது. வேண்டுதல் செய்யும் இயேசுவைக் கூர்ந்து நோக்கி, அதன் வழியே இறைத்தன்மைக்குச் செல்கிறார். பசித்து, அழுது, இறந்தவரை வெறும் தோற்றமாகக் கருதும் பிழைக்கு இதனால் இடமில்லை.

குறையும் உண்டு. உயிர்த்த இயேசுவே தூய ஆவி என்று அவர் சொல்லும்போது, தந்தை, மகன், தூய ஆவி என்னும் மூவரின் வேறுபாடு மங்கிவிடுகிறது. மேலும், 'அவதாரம்' என்ற சொல்லின் வழக்கமான பொருளை அவரே பலமுறை திருத்த வேண்டியிருக்கிறது. ஆயினும், பழகிய சொல் எங்கே பொருந்துகிறது, எங்கே பொருந்தவில்லை என்று மாணவர் ஆராய இந்நூல் நல்ல தொடக்கம்.