தமிழகப் பந்துவீச்சு: மரபுகளும் வரிசையும்

ஒரு மாநிலத்தின் கிரிக்கெட் பந்துவீச்சாளர்களைத் தரவரிசைப்படுத்த முனைவோர், டெஸ்ட் ஆட்டங்களில் அவர்கள் வீழ்த்திய விக்கெட்டுகளையே முதலில் கணக்கிடுகின்றனர். அந்தக் கணக்கு வீச்சாளரின் திறமையோடு, அவர் காலத்தில் இந்திய அணியில் யாருக்கு இடம் கிடைத்தது என்பதையும் சேர்த்தே சொல்வதால், தமிழகத்தைப் பொறுத்தவரை அது அரைகுறை அளவுகோலாகவே நின்றுவிடுகிறது. அமெரிக்கர்களின் பேஸ்பாலிலும் இதையொத்த சிக்கல் நெடுநாள் இருந்தது. அங்கு ஆட்டத்தைத் தொடங்கி, இயன்றவரை நீண்ட நேரம் எறியும் வீரரான ‘ஸ்டார்ட்டிங் பிச்சர்’, அவர் கணக்கில் சேர்ந்த வெற்றிகளைக் கொண்டே மதிக்கப்பட்டார். சை யங் என்பவரின் 511 வெற்றிகள் இன்றும் முறியடிக்கப்படாத சாதனை. ஆயினும் சக வீரர்கள் ஓட்டம் எடுக்காவிட்டால் எறிபவர் எவ்வளவு திறமையாக எறிந்தும் வெற்றி வாராது என்ற உண்மை மெல்ல உணரப்பட்டு, 2018இல் பத்தே வெற்றிகள் பெற்றிருந்த ஜேக்கப் டிகிராமுக்கு, ஒன்பது இன்னிங்ஸுக்குச் சராசரியாக 1.70 ஓட்டமே விட்டுக்கொடுத்தார் என்பதற்காக, அந்தச் சை யங் பெயரிலான விருதே வழங்கப்பட்டது.

தமிழக வரிசைக்கும் அத்தகைய மாற்று அளவு தேவை. ரஞ்சிக் கோப்பை உள்ளிட்ட முதல்தர ஆட்டங்கள் அனைத்திலும் ஒருவர் ஆற்றிய பணி, ஒரு முனையிலிருந்து எத்தனை நேரம் தளராமல் வீசினார், உதவி செய்யாத ஆடுகளத்தில் என்ன செய்தார் ஆகிய மூன்றையும் சேர்த்து எடைபோடுவதே முறையாகும்.

இம்மாநிலத்தின் பந்துவீச்சு வரலாறு வேகத்தில்தான் தொடங்கியது. 1934 நவம்பரில் சேப்பாக்கத்தில் மைசூருக்கு எதிராக நடைபெற்ற ரஞ்சிக் கோப்பையின் முதல் ஆட்டத்தில் முதல் பந்தை வீசியவர் வேகப்பந்து வீச்சாளர் எம்.ஜே. கோபாலன்; ஆனால் ஒரே நாளில் முடிந்துபோன அந்த ஆட்டத்தில் 11 விக்கெட்டுகளை அள்ளியவரோ இடக்கைச் சுழல் வீச்சாளர் ஏ.ஜி. ராம் சிங். பின்வந்த தொண்ணூறு ஆண்டுக் கதையின் போக்கை அன்றைய ஒரு பகலே காட்டிவிட்டது எனலாம். ராம் சிங் கடைசிவரை ஒரு டெஸ்ட்கூட ஆடவில்லை என்பதால், விக்கெட் எண்ணிக்கையை மட்டும் நம்பும் வரிசைகளில் அவர் பெயர் தென்படுவதேயில்லை.

தமிழகத்தின் தலையாய மரபு ஆஃப் ஸ்பின். வலக்கை வீச்சாளர் விரல்களால் பந்தைத் திருகி, வலக்கை மட்டையாளரை நோக்கி உள்ளே திரும்பச் செய்யும் முறை இது. இதன் முதல் பெருமகன் எஸ். வெங்கட்ராகவன், 1965இல் தில்லியில் நியூசிலாந்துக்கு எதிராக ஓர் இன்னிங்ஸில் 72 ஓட்டங்களுக்கு 8 விக்கெட்டுகளும் ஆட்டம் முழுவதிலுமாக 12 விக்கெட்டுகளும் எடுத்தபோது இருபது வயதை எட்டியிருக்கவில்லை. உயரமான உடலமைப்பும், பந்தைக் காற்றில் அதிகம் மிதக்கவிடாமல் ஒரே அளவில் குத்தும் கட்டுப்பாடும் அவருடைய வலிமை. பந்தை மிதக்கவிட்டு ஏமாற்றும் கர்நாடகத்தின் பிரசன்னாவோடு ஒரே இடத்துக்குப் போட்டியிட வேண்டியிருந்ததால், 57 டெஸ்ட்டுகளில் 156 விக்கெட்டுகளோடு அவர் கணக்கு நின்றது. முதல்தர ஆட்டங்களில் அவர் எடுத்தவை 1,390 என்பதை அருகில் வைத்துப் பார்க்கும்போதுதான் அவருடைய முழு அளவு விளங்கும்.

அதே மரபில் வந்த ரவிச்சந்திரன் அஸ்வின் 106 டெஸ்ட்டுகளில் சராசரி 24 ஓட்டங்களுக்கு ஒன்று வீதம் 537 விக்கெட்டுகள் எடுத்து 2024 டிசம்பரில் ஓய்வுபெற்றார். சென்னைத் தெருக்களின் டென்னிஸ் பந்து ஆட்டத்திலிருந்து அவர் எடுத்துக்கொண்ட ‘கேரம் பந்து’, கட்டைவிரலுக்கும் மடக்கிய நடுவிரலுக்கும் இடையே பிடிக்கப்பட்டு, கேரம் காயைச் சுண்டுவதுபோல் விடப்படுவது. ஆஃப் ஸ்பின்னுக்கு நேர்மாறாக அது வெளியே திரும்பும். எனினும் அவருடைய பெருமை இந்த வித்தையில் இல்லை; பிடியையும் வேகத்தையும் கிரீஸில் நிற்கும் இடத்தையும் மட்டையாளருக்கு மட்டையாளர் மாற்றிக்கொண்டே போன ஓயாத சிந்தனையில் இருக்கிறது. ஓர் இன்னிங்ஸில் அவருடைய சிறந்த கணக்கு 2016இல் இந்தூரில் நியூசிலாந்துக்கு எதிரான 59க்கு 7. எட்டாண்டு கழித்துப் புணேயில் வாஷிங்டன் சுந்தர் எடுத்ததும் அதே நியூசிலாந்துக்கு எதிராக, அதே 59க்கு 7. அந்நாட்டவருக்குத் தமிழக ஆஃப் ஸ்பின்மீது மனத்தாங்கல் இருந்தால் குறைசொல்ல முடியாது.

இரண்டாவது மரபான லெக் ஸ்பின், மணிக்கட்டைச் சுழற்றி வீசப்படுவதால் கட்டுப்படுத்தக் கடினமானது. இதில்தான் தரவரிசையின் பெரும் அநீதி நிகழ்ந்திருக்கிறது. வி.வி. குமார் 1961இல் தில்லியில் பாகிஸ்தானுக்கு எதிரான தம் முதல் டெஸ்ட்டின் முதல் இன்னிங்ஸிலேயே 64 ஓட்டங்களுக்கு 5 விக்கெட்டுகள் எடுத்தும், அவருக்குக் கிடைத்தவை மொத்தம் இரண்டே டெஸ்ட்டுகள். முதல்தர ஆட்டங்களில் இருபதுக்கும் குறைவான சராசரியில் அவர் எடுத்த 599 விக்கெட்டுகள், லெக் ஸ்பின்னர்களிடம் அரிதான சிக்கனத்துக்குச் சான்று. அவருக்கு எதிர்முனையில் நிற்பவர் லட்சுமணன் சிவராமகிருஷ்ணன். 1984–85 இங்கிலாந்துத் தொடரின் முதல் மூன்று இன்னிங்ஸிலும் ஆறாறு விக்கெட்டுகள் எடுத்து நாட்டையே வியக்கவைத்த அவருடைய 26 டெஸ்ட் விக்கெட்டுகளில் 23 அந்த ஒரே தொடரில் வந்தவை. உச்சத்தை மட்டும் அளந்தால் சிவராமகிருஷ்ணனும், உழைப்பையும் சேர்த்து அளந்தால் குமாரும் முந்துவர். இக்கட்டுரையின் அளவுகோல் குமாரின் பக்கமே சாய்கிறது.

வேகப்பந்து மரபு மெலிந்தது. 1948இல் தில்லியில் மேற்கிந்தியத் தீவுகளுக்கு எதிராக 5 விக்கெட்டுகள் எடுத்த சி.ஆர். ரங்காச்சாரிக்குப் பின், 2004 பாகிஸ்தான் பயணத்தில் ஒளிர்ந்த லட்சுமிபதி பாலாஜிவரை நீண்ட இடைவெளி. 1987இல் டென்னிஸ் லில்லியின் வழிகாட்டுதலில் சென்னையில் தொடங்கப்பட்ட எம்.ஆர்.எஃப். வேகப்பந்துப் பயிற்சி மையம் ஸ்ரீநாத்தையும் ஜாகீர் கானையும் பட்டைதீட்டியதே தவிர, சொந்த மாநிலத்துக்கு அதே அளவில் பயன்தரவில்லை.

இக்குறையைப் போக்கும் பாதை சென்னைக்கு வெளியே திறந்தது. 2016இல் தமிழ்நாடு பிரீமியர் லீக் தொடங்கியபோது, சேலம் மாவட்டத்துச் சின்னப்பம்பட்டியின் டென்னிஸ் பந்து ஆட்டத்தில் யார்க்கர் பழகிய டி. நடராஜன் திண்டுக்கல் டிராகன்ஸ் அணிக்காக வீசினார். யார்க்கர் என்பது மட்டையாளரின் காலடியில் நேரே குத்தும் பந்து. ஐந்தாண்டுக்குள் அவரும் வாஷிங்டனும் பிரிஸ்பேன் டெஸ்ட்டில் அறிமுகமாகி, முதல் இன்னிங்ஸில் மும்மூன்று விக்கெட்டுகள் எடுத்தனர். அஸ்வின் தலைமையில் 2024இல் கோப்பையை வென்ற திண்டுக்கல் அணியில் வருண் சக்கரவர்த்தியும் இருந்தார். கட்டடக் கலை படித்த அந்தப் புதிர்ச் சுழலர், 2025 சாம்பியன்ஸ் கோப்பையில் 42க்கு 5 எடுத்ததும் நியூசிலாந்துக்கு எதிராகவே.

திண்டுக்கல் மாவட்டத்து நத்தத்தில் சிறுமலைக்கும் கரந்தமலைக்கும் அருகே அமைந்த என்.பி.ஆர். கல்லூரி மைதானம் லீக் ஆட்டங்களோடு ரஞ்சி ஆட்டங்களையும் கண்டிருக்கிறது. சுழல் இங்கு உள்ளூராருக்கு மட்டும் கைகொடுக்கும் என எண்ண இடமில்லை. 2019 டிசம்பரில் 181 ஓட்டங்கள் தேவைப்பட்ட தமிழகத்தை 154இல் சுருட்டி, ஆட்டத்தில் மொத்தம் 14 விக்கெட்டுகள் எடுத்தவர் கர்நாடகத்தின் ஆஃப் ஸ்பின்னர் கே. கௌதம்.

மேற்சொன்ன அளவுகளின்படி அஸ்வின், வெங்கட்ராகவன், குமார் என்பதே முதல் மூவரின் வரிசை. நான்காம் இடத்துக்கு ராம் சிங்கும் சிவராமகிருஷ்ணனும் உரிமை கோரலாம். 2023–24 ரஞ்சிப் பருவத்தில் 53 விக்கெட்டுகள் எடுத்த இடக்கைச் சுழலர் ஆர். சாய் கிஷோர் இதே போக்கில் இன்னும் சில பருவங்கள் வீசினால், அந்த இடத்துக்கான வழக்கில் அவரும் ஒரு தரப்பாவார்.