தம்புள்ளையா, சிகிரியாவா?

ரங்கிரி தம்புள்ளை கிரிக்கெட் மைதானத்தில் இந்த வாரம் ஆட்டம் இல்லை. ஆகவே மாத்தளை மாவட்டத்தின் மிகப் பழைய போட்டியை எடுத்துக்கொள்கிறேன். சுமார் இருபது கிலோமீட்டர் இடைவெளியில் இரண்டு பாறைகள், இரண்டு ஓவியர் அணிகள். படத்தால் கதை சொல்வதுதான் ஆட்டம். முத்து காமிக்ஸ் படித்து வளர்ந்தவர்களுக்கு விதிகளைச் சொல்லித்தர வேண்டியதில்லை.

சிகிரியா அணி 5ஆம் நூற்றாண்டுக்காரர்கள், காசியப்ப மன்னன் காலத்தவர்கள். அவர்கள் வரைந்த பெண்களுக்கு இடுப்புக்குக் கீழே மேகம், கையில் பூ, அவ்வளவுதான். எங்கிருந்து வருகிறார்கள், எங்கே போகிறார்கள் என்று ஒரு துப்பும் கிடையாது. பிதுரங்கலை விகாரைக்குப் போகும் அரண்மனைப் பெண்கள் என்றார் தொல்லியலாளர் எச்.சி.பி. பெல். இன்னொரு தொல்லியலாளர் பரணவிதானவோ மேகமும் மின்னலும் பெண்ணுருவில் நிற்கின்றன என்றார். ஒரே கட்டத்தை வரைந்துவிட்டு, மீதிக் கதையை நம் தலையில் கட்டிவிடுகிற ஆட்டம் இது. முகங்களில் மட்டும் சோம்பல் இல்லை. நிறம் வேறு, பார்வை வேறு, ஒருத்தி மற்றவளைப் போல இல்லை. ஓர் உருவத்தில் கையை மாற்றி வரைந்திருக்கிறார்கள். பழைய கை அடியில் இன்னும் தெரிவதால், அவளுக்கு மூன்று கைகள்!

தம்புள்ளை அணிக்கு வெற்றிடம் என்றாலே ஆகாது. சிவப்புப் பின்னணியில் ஓர் அங்குலம் மிஞ்சினாலும் ஒரு பூவை வைத்துவிடுவார்கள். குகைக் கோயிலின் ஐந்து குகைகளில் ஏறக்குறைய 2,100 சதுர மீட்டர் ஓவியம். இன்று காண்பதில் பெரும்பகுதி 18ஆம் நூற்றாண்டில், மதுரை நாயக்கர் வழிவந்த கண்டி மன்னன் கீர்த்தி ஸ்ரீ ராஜசிங்கன் காலத்தில் மீளத் தீட்டியது. முகங்கள் இவர்களின் பலவீனம். கிரீடத்தையும் நிறத்தையும் வைத்துத்தான் ஆளை அடையாளம் காண வேண்டும்.

ஆனால் இரண்டாம் குகையின் கூரையைப் பாருங்கள். நடுவில் புத்தர் அசையாமல் இருக்கிறார். ஒரு காட்சியில் அவர் தவத்தைக் கலைக்க வந்த மாரனின் படை ஆயுதங்களோடு சூழ்கிறது, இன்னொன்றில் அவன் மகள்கள் ஆடி மயக்கப் பார்க்கிறார்கள். நாயகனை அப்படியே வைத்துவிட்டுச் சுற்றியிருப்பதை மட்டும் மாற்றுகிறார்கள். அவர் அசையவில்லை என்பதுதானே கதை? வசனமே இல்லாமல் அது புரிந்துவிடுகிறது. ஆடுகளமும் லேசானதல்ல. மேடும் பள்ளமுமான பாறைக் கூரை. சித்திரம் அதன் மடிப்புகளில் ஏறி இறங்கி, விரித்துக் கட்டிய துணி போலத் தெரிகிறது. வாசகர் பக்கம் புரட்டுவதில்லை, கழுத்தை அண்ணாந்து நடக்கிறார்.

முகத்துக்குப் புள்ளி சிகிரியாவுக்கு. கதைக்கு, தயக்கமில்லாமல், தம்புள்ளைக்கு.

சிகிரியா ரசிகர்கள் ஒப்ப மாட்டார்கள். அந்தப் பெண்களைப் பார்த்துவிட்டுக் கீழே மெருகேற்றிய ‘கண்ணாடிச் சுவரில்’ கவிதை கீறிப்போன பழைய பார்வையாளர்கள் அவர்கள் கட்சி. பரணவிதான 1956இல் வெளியிட்ட தொகுப்பில் மட்டும் 685 கவிதைகள்.