சம்பளம் இல்லாத ஒப்பந்தம்

மாணவர் குறும்படத்துக்காக நடிகரோடு போடும் ஒப்பந்தம் பெரும்பாலும் ஒரே பக்கம்தான். "சம்பளம் கிடையாது" என்பதை அதன் முதல் வரியிலேயே சொல்லிவிட்டால், எழுதியவர்மேல் எனக்கு மதிப்பு வந்துவிடும். கடைசிப் பத்தியில் அதைப் பதுக்கி வைப்பவரிடம் எப்படி நடிப்பது?

பணம் இல்லையென்றால் வேறு என்ன தருகிறோம்? கைமாறு இல்லாத உடன்பாடு பொதுவாகச் செல்லாது என்கிறது 1872-ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 25-ஆம் பிரிவு. அதனால் தேர்ந்த கை சாப்பாடு, வண்டிச் செலவு, டைட்டில் கார்டில் பெயர், எடிட்டிங் முடிந்து இத்தனை நாளில் ஒரு பிரதி என்று ஒவ்வொன்றாக எழுதும். பெயரை எந்த எழுத்துகளில் போட வேண்டும் என்று நடிகரிடமே கேட்டு எழுதியிருந்தால், அடடா! தன் நடிப்புக்குத் தன் பெயர் வருவது சலுகை அல்ல. 2012-இல் திருத்தப்பட்ட காப்புரிமைச் சட்டம் அதை நடிகரின் உரிமையாகவே ஏற்கிறது.

நான் நின்று ரசிப்பது படம் எங்கே ஓடும் என்ற பத்தியை. எழுத்தில் ஒருமுறை சம்மதித்துவிட்டால், வேறு விதமாகப் பேசிவைத்தாலொழிய, அந்தப் படத்தைத் தயாரிப்பாளர் பயன்படுத்துவதை நடிகர் பிறகு தடுக்க முடியாது. வணிகத்துக்குப் போனால் ராயல்டி உண்டு என்பதும் அதே சட்டம்தான். பெரிய கம்பெனி ஒப்பந்தத்தைப் பார்த்து "உலகெங்கும், எல்லா ஊடகங்களிலும், என்றென்றைக்கும்" என்று அப்படியே இறக்கிவைப்பது சோம்பல். கல்லூரித் தேர்வு, திரைப்பட விழாக்கள், அதன்பின் யூடியூப், யாராவது விலைக்குக் கேட்டால் நடிகருக்கு இன்ன பங்கு என்று அளந்து எழுதுவதில்தான் கலை இருக்கிறது.

சின்ன வரிகளிலும் சுவை உண்டு. கன்டின்யூட்டிக்காகத் தாடியை எடுக்கக் கூடாது என்றால் எந்தத் தேதிவரை? டப்பிங்குக்கு அரை நாள், பேட்ச் ஒர்க்குக்கு ஒரு நாள் என்று முன்பே கேட்டுவிடுவது நாகரிகம். நடிப்பவர் 18 வயதுக்குக் கீழென்றால் பெற்றோர் கையெழுத்து வேண்டும். பிள்ளை மட்டும் போட்ட கையெழுத்து சட்டத்தின் முன் நிற்காது.

மாணவ இயக்குநர்களே, இந்த ஒரு பக்கத்தைத் தமிழிலேயே எழுதுங்கள். ஷூட்டிங் அன்று காலையில் நீட்டாமல், முந்தைய வாரமே நடிகர் கையில் கொடுத்துவிடுங்கள்.