நிறைவுறாத தோம்பு

பதிவேடு எழுதுவது பங்குப் பணியில் பழகிப்போன வேலை. எனினும், பழைய ஏட்டில் தம் பாட்டனாரின் பெயரைத் தேடி வருகிறவரின் விரல் அந்த வரியில் வந்து நிற்கும்போது, ஏடு என்பது வெறும் தாளன்று என்பதை நாம் உணர்கிறோம். ‘தோம்பு’ என்பதும் அத்தகைய ஏடே. போர்த்துக்கீசியரோடு இலங்கைக்கு வந்த இச்சொல் ஒல்லாந்தர் ஆட்சியில் வேரூன்றியது. நிலத்தோம்பில் காணிகள் பதிவாயின. பள்ளித்தோம்பில் ஞானஸ்நானங்களும் திருமணங்களும் பதிவாயின.

யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் கலை வரலாறு கற்பிக்கும் ஓவியர் தா. சனாதனன் இச்சொல்லைத் தம் படைப்புக்குப் பெயராக்கினார். 2004-இல், 1981-இல் எரிக்கப்பட்டு மீண்டெழுந்த யாழ் பொது நூலகத்தில், மக்கள் தந்த அன்றாடப் பொருள்களைக் கொண்டு ‘வரலாறுகளின் வரலாறு’ என்னும் படைப்பை அமைத்தவர் இவர். 2011-இல் நூல் வடிவில் வெளிவந்த இவருடைய மற்றொரு கலைப்படைப்பை நாம் ‘நிறைவுறாத தோம்பு’ எனத் தமிழில் சொல்லலாம்.

அதன் அமைப்பு எளியது. போரால் வீட்டை இழந்த தமிழரும் முஸ்லிம்களும் தத்தம் வீட்டின் தரைப்படத்தை நினைவிலிருந்து வரைகிறார்கள். அதே வீடு கட்டடக்கலை வரைபடமாக மீண்டும் வரையப்படுகிறது. மூன்றாவதாக, சனாதனனின் வண்ணக்கோல் ஓவியம். இத்தகைய வீடுகள் எண்பது. உடன் அவற்றுக்குரியவர்களின் சுருக்கமான கதைகள்.

ஒரே வீட்டை மூன்று கைகள் மூன்று மொழிகளில் பேசுகின்றன. முதற்கை வரைந்து பழகாதது. அதன் கோடு நடுங்குகிறது. இரண்டாம் கை பிழை திருத்துகிறது. அவ்விரண்டுக்கும் இடையிலுள்ள வெளியிலேதான் இழப்பு குடியிருக்கிறது. சுவர் நேரானவுடன் வீடு வந்துவிடவில்லை என்பதைத் திருத்தமே காட்டிக்கொடுக்கிறது.

இங்கே தலைமுறைகளின் துயரத்தை நாம் காண்கிறோம். வீட்டை வரைபவர் முதியவராயினும், வரையும்போது முற்றத்தில் ஓடிய குழந்தையாகிவிடுகிறார். 1990 அக்டோபரில் வடமாகாணத்திலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம்களின் பிள்ளைகளும், 1995 அக்டோபர் இடப்பெயர்வில் கைப்பிடித்து நடந்த சிறுவர்களும் இன்று பெற்றோராகிவிட்டனர். அவர்களுடைய மக்களுள் பலர் அவ்வீட்டைக் கண்டதேயில்லை. காணாத வீட்டின் கதவு எப்பக்கம் திறக்கும் என்பது மட்டும் அவர்களுக்குத் தெரியும். இதுவும் ஒரு மரபுரிமை, பாரமான மரபுரிமை.

குறையும் சொல்ல வேண்டும். சில பக்கங்களில் கலைஞரின் வண்ணம், வீட்டுக்குரியவரின் கோணல் கோட்டைவிட உரக்கப் பேசிவிடுகிறது. மேலும், இப்படைப்பு இழந்த வீட்டைப் பதிகிறதேயன்றி, என்றுமே வீடு தமதாயிராதவரை என்ன செய்வது என்று நம் காவிரிக் கழனியிலிருந்து கேட்கத் தோன்றுகிறது. வலங்கைமான் வட்டாரத்துக்குச் சிட்டாவும் அடங்கலும் புதியனவல்ல. ஆனால் 1971-ஆம் ஆண்டுக் குடியிருப்புச் சட்டம் வரும்வரை, இந்நெல்வயல்களில் உழைத்தவர்களுள் எத்தனையோ பேருக்குத் தாம் படுத்த மண்ணும் மிராசுதாரருடையதே. 1968 டிசம்பர் 25 இரவு கீழவெண்மணியில் பெண்களும் குழந்தைகளும் உட்பட 44 பேர் எரிந்தது ஒரு சிறு குடிசையில். அக்குடிசையின் தரைப்படத்தை எந்த ஏடு வைத்திருக்கிறது?

இக்கேள்வியை எழுப்ப நமக்குக் கற்றுத்தந்ததே சனாதனனின் வெற்றி என்போம். அவர் ஆறுதல் கூறவில்லை. அவசரமாக மன்னிக்கவும் சொல்லவில்லை. ஒரு தாளைக் கொடுத்து, ‘உங்கள் வீட்டை வரையுங்கள்’ என்று கேட்டுப் பொறுமையாக அமர்ந்திருந்தார். ஆசிரியர் செய்யக்கூடிய உயர்ந்த பணி அது. நம் வீட்டுத் திண்ணையிலிருக்கும் முதியவரிடம் அவ்வாறு ஒரு தாளை நீட்டி, பேரப்பிள்ளையையும் அருகில் அமர்த்துவோமா? அவர் வரைவது நிறைவுறாமற் போகலாம். ஆனால் பேசப்படாத துயரத்தைப் பிள்ளைகள் காரணம் அறியாமற் சுமக்கிறார்கள். பேசப்பட்டதை அறிந்து சுமப்பார்கள். அவ்வேறுபாடு சிறிதன்று.