தளபதிக்கு என்ன வேலை?

ஃபிஜியின் ராணுவத் தளபதிக்கு என்ன வேலை என்று யோசித்திருக்கிறீர்களா? எல்லைத் தகராறு கிடையாது. எல்லை என்று சொல்ல சுற்றிலும் பசிபிக் மகாசமுத்திரம்தான். ஜனத்தொகை ஒன்பது லட்சத்தைச் சுற்றி. நம்ம மதுரையைவிடக் கம்மி. சிப்பாய்கள் சுமார் 3,500 பேர். அதிலும் ஒரு பகுதி எப்போதும் வெளிநாட்டுக் காவல் பணியில் இருக்கும். 1978-ல் லெபனானுக்குப் போக ஆரம்பித்தார்கள், 1982-ல் சினாய் பாலைவனத்துக்கு. உலகத்துக்கே அமைதி காக்கிற நல்ல பிள்ளைகள்.

ஊரில்தான் பிரச்னை.

1987 ஏப்ரலில் தேர்தல். டாக்டர் டிமோசி பவத்ரா பிரதமரானார். பூர்வகுடிதான். ஆனால் அவர் கூட்டணிக்கு ஓட்டுப் போட்டவர்களில் இந்திய வம்சாவளியினர் அதிகம், அமைச்சரவையிலும் அவர்கள் கணிசம். பொறுக்குமா? ஒரே மாதம். மே 14 காலை முகமூடிச் சிப்பாய்கள் நாடாளுமன்றத்துக்குள் நுழைந்தார்கள். திட்டம் போட்ட லெப்டினன்ட் கர்னல் சிதிவேனி ரபுகா, பார்வையாளர் மாடத்தில் சிவில் உடையில் உட்கார்ந்திருந்தார். அவர் தளபதிகூட இல்லை, அந்தஸ்தில் மூன்றாவது ஆள். நிஜத் தளபதி அப்போது ஆஸ்திரேலியாவில். அரசாங்கம் போன கையோடு தளபதி நாற்காலியும் ரபுகாவுக்கு வந்துவிட்டது.

தேதியைக் கவனியுங்கள். 1879-ல் இதே மே 14 அன்றுதான் கல்கத்தாவிலிருந்து முதல் ஒப்பந்தக் கூலிகளோடு லியோனிடாஸ் கப்பல் அங்கே போய்ச் சேர்ந்தது. மதராஸிலிருந்து நம்மவர்கள் போனது 1903 முதல். பாரதி கண்ணீர் வடித்த அதே கரும்புத் தோட்டங்கள். 108 வருஷம் கழித்து, பேரப்பிள்ளைகள் கொஞ்சம் நிமிர்ந்து உட்கார்ந்த நேரத்தில் துப்பாக்கி. அதற்கப்புறம் கூட்டம் கூட்டமாக ஆஸ்திரேலியா, நியூஸிலாந்து என்று கிளம்பிவிட்டார்கள். 1987-ல் ஜனத்தொகையில் கிட்டத்தட்டப் பாதியாக இருந்தவர்கள், 2007 கணக்கெடுப்பில் 37 சதவீதம் சொச்சம்.

எனக்கு இதில் முக்கியமாகப் படுவது துப்பாக்கி இல்லை, ஒரு வாக்கியம். ரபுகாவின் புரட்சிக்குப் பின்னால் வந்த 1990 அரசியல் சாசனத்தில் அது நுழைந்தது. நாட்டின் பாதுகாப்பு மட்டுமல்ல, மக்களின் 'நலன்' கூட எந்நேரமும் ராணுவத்தின் பொறுப்பு என்றது. நலன்! விலைவாசி நலன் இல்லையா? பள்ளிக்கூடம் நலன் இல்லையா? எல்லாம் நலன் என்றால் அமைச்சரவை எதற்கு? 1997 சாசனம் அந்த வாக்கியத்தைக் கைவிட்டது. அப்போது பிரதமர், வேடிக்கை பாருங்கள், அதே ரபுகா!

2000 மே மாதம் ஜார்ஜ் ஸ்பைட் என்கிற ஆசாமி பிரதமர் மகேந்திர சௌத்ரியை 56 நாள் பிணைக்கைதியாக வைத்திருந்தார். தளபதி ஃபிராங்க் பைனிமராமா அதை அடக்கினார். ஆனால் சௌத்ரிக்கு நாற்காலியைத் திருப்பித் தரவில்லை. தானே கைகாட்டி வேறொருவரை உட்கார வைத்தார். அந்த நவம்பரில் சொந்தச் சிப்பாய்களே கலகம் செய்ய, பாசறையிலிருந்து மரவள்ளித் தோட்டம் வழியாகத் தப்பி ஓடினார். துப்பாக்கி தன் பக்கம் திரும்பினால் எப்படி இருக்கும் என்று தெரிந்த மனிதர். ஆனாலும் 2006 டிசம்பரில், தான் உட்கார வைத்த கராசேயைத் தானே கவிழ்த்தார்.

இங்கேதான் நமக்குச் சோதனை. காரணம், பைனிமராமா இந்தியர்களுக்கு எதிரியில்லை. 2000 கலகக்காரர்களுக்கு மன்னிப்புத் தர நினைத்த அரசைத்தான் கவிழ்த்தார். இனவாரி வாக்காளர் பட்டியலை ஒழித்தார். எல்லோரையும் ஃபிஜியர் என்றே அழைக்கச் சொன்னார். சௌத்ரியே கொஞ்ச காலம் அவரிடம் நிதியமைச்சர். 'நம்மாளுக்கு நல்லது செஞ்சாரே, அப்புறம் என்ன?' என்று உங்களுக்குத் தோன்றலாம். எனக்குக் கை தட்ட வரவில்லை. 2009 ஏப்ரலில் மேல்முறையீட்டு நீதிமன்றம் அவர் ஆட்சி சட்டவிரோதம் என்றது. மறுநாளே அரசியல் சாசனம் குப்பைக்குப் போனது. பத்திரிகை அலுவலகங்களில் தணிக்கை அதிகாரிகள் வந்து உட்கார்ந்தார்கள். 2014 வரை பிரதமரும் அவரே, தளபதியும் அவரே. 2013-ல் அவர் காலத்தில் வந்த புதிய சாசனத்தின் 131-வது பிரிவில் பழைய 'நலன்' மறுபடி வந்துவிட்டது.

மொரீஷியஸும் தீவுதான். அங்கேயும் கரும்பு, அங்கேயும் கூலிக் கப்பல், அங்கேயும் தமிழர்கள். 1968-ல் சுதந்திரம் வாங்கியபோது ராணுவமே வேண்டாம் என்று விட்டுவிட்டார்கள். துப்பாக்கி தூக்குகிற சிறப்புப் படையும் கடலோரக் காவலும் போலீஸ் கமிஷனருக்குக் கீழே. அங்கே யாரும் முகமூடி போட்டு நாடாளுமன்றத்துக்குள் வந்ததில்லை.

ஃபிஜிக்கு வருவோம். 2022 டிசம்பர் தேர்தலில் ஓட்டு எண்ணும்போது குளறுபடி என்று எதிர்க்கட்சித் தலைவர் ஒருவர் தளபதிக்குக் கடிதம் எழுதினார், 'தலையிடுங்கள்' என்று. யார் அவர்? ரபுகாவேதான். தளபதி ஜோனே கலோனிவாய் மறுத்துவிட்டார். சபாஷ் என்று சொல்லத்தான் வேண்டும். ரபுகா ஜெயித்துப் பிரதமரானார். அடுத்த மாதமே, 2023 ஜனவரியில், அதே கலோனிவாய் 131-வது பிரிவைச் சுட்டிக்காட்டி, புது அரசு மாற்றங்களைச் செய்கிற வேகம் கவலை தருகிறது என்று அறிக்கை விட்டார். ஊர் முழுக்க வயிற்றைப் பிசைந்தது. உள்துறை அமைச்சர், அவரும் முன்னாள் ராணுவ அதிகாரி, தளபதியைப் பார்த்துப் பேசிவிட்டு வந்து, பயப்பட ஒன்றுமில்லை என்று மக்களுக்குச் சொன்னார்.

நான்கு மாதம் கழித்து, மே 14 அன்று, 1987-க்காக இந்திய வம்சாவளியினரிடம் ரபுகா பகிரங்கமாக மன்னிப்புக் கேட்டார். 131-வது பிரிவில் அந்த வாக்கியம் அப்போதும் இருந்தது.