எரிந்துகொண்டே போகும் தோட்டா

வி.ஆர். கண்ணாடியை மாட்டிக்கொண்டு முதன்முதலாகச் சுட்ட அந்த இரவை நான் சாகும்வரை மறக்க மாட்டேன். பினாங்கின் ஆயர் ஈத்தாமில் எங்கள் அடுக்குமாடி வீட்டின் பின்னறை. மணி பதினொன்று இருக்கும். கண்ணாடிக்குள்ளேயோ ரஷ்யப் பனிக்காலத்து அந்தி. 'இல்-2 கிரேட் பேட்டில்ஸ்' விளையாட்டில் ஹரிகேன் விமானத்தை எடுத்திருந்தேன். இரண்டு இறக்கையிலும் சேர்த்துப் பன்னிரண்டு பிரௌனிங் இயந்திரத் துப்பாக்கிகள். விசையை அமுக்கினேன். இரு பக்கத்திலிருந்தும் நெருப்புப் பொறிகள் கிளம்பி, எனக்கு முன்னால் எங்கோ ஓரிடத்தில் ஒன்றாகக் கூடி, பிறகு பிரிந்து, ஒவ்வொன்றாக அணைந்தன.

"ஆண்டவா, என்ன அழகு!" என்று கத்திவிட்டேன்.

இருபது வருடமாகப் போர் விமான விளையாட்டுகள் ஆடுகிறேன். மற்றவர்கள் மேகத்தைப் பார்ப்பார்கள், கடல் அலையைப் பார்ப்பார்கள், விமானத்தின் ஆணிகளைக்கூட எண்ணுவார்கள். நான் பார்ப்பது டிரேசரை. அது சரியாக இருந்தால் மீதி எல்லாம் சரியாக இருக்கும் என்பது என் கணக்கு. எத்தனையோ விளையாட்டுகளில் அது வெறும் வண்ணக் குச்சி. இங்கே அது ஓர் உயிர்.

டிரேசர் என்பது பின்பக்கம் குடைந்து மருந்து அடைத்த தோட்டா. சுட்டதும் அந்த மருந்து பற்றிக்கொண்டு, தோட்டா எரிந்தபடியே பறக்கும். எங்கே சுடுகிறோம் என்று விமானிக்குக் கண்ணால் தெரியும். எல்லாத் தோட்டாவும் அப்படி இல்லை. சாதாரணத் தோட்டாக்களுக்கு நடுவே இத்தனைக்கு ஒன்று என்று கோத்திருப்பார்கள். ஒரு பொறியைப் பார்க்கும்போது, அதற்கு முன்னும் பின்னும் கண்ணுக்குத் தெரியாத பல தோட்டாக்கள் போய்க்கொண்டிருக்கும். இந்த விளையாட்டில் எதிரி விமானத்தில் பொறி பட்டதே தெரியாது. ஆனால் இறக்கையிலிருந்து துண்டு பிய்ந்து பறக்கும். தெரியாத தோட்டாக்களின் வேலை அது. அதைக் கண்டபோது எனக்கு மெய்சிலிர்த்தது.

மறுநாள் அப்பாவுக்குக் கண்ணாடியை மாட்டிவிட்டேன். அப்பாவுக்கு அறுபத்தெட்டு வயது. கணினி பக்கமே வராதவர்.

"டேய், இது சீனப் பெருநாள் ஒன்பதாம் நாள் வாணம் மாதிரியே இருக்குடா!"

பினாங்கில் இருப்பவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. எட்டாம் நாள் முடிந்து ஒன்பதாம் நாள் பிறக்கும் நள்ளிரவில் ஹொக்கியன் மக்கள் விண்ணரசருக்குப் படையல் வைத்து வெடி கொளுத்தும்போது, கெக் லோக் சி கோயிலின் விளக்குகளுக்கு மேலே ஆயர் ஈத்தாம் வானம் முழுக்கச் சிவப்பும் பச்சையும்தான். அப்பா சொன்னது அப்படியே உண்மை. வாணத்தில் சிவப்பு நிறம் ஸ்ட்ரான்சியம் உப்பிலிருந்து வருகிறது, பச்சை பேரியத்திலிருந்து. டிரேசர் மருந்திலும் மக்னீசியத்தோடு சேர்ந்து எரிவது அதே உப்புகள்தான். உவமை என்று நினைத்து அப்பா சொன்னது வேதியியலாகவே இருந்தது!

அந்த நிறத்தைவிட என்னை மயக்குவது அசைவு. .303 தோட்டா வினாடிக்குச் சுமார் 740 மீட்டர் வேகத்தில் குழலை விட்டுக் கிளம்பும். என் கண்ணாடி வினாடிக்கு 90 படம் காட்டுகிறது. ஒரு படத்துக்கும் அடுத்த படத்துக்கும் நடுவே தோட்டா எட்டு மீட்டருக்கு மேல் போய்விடும். புள்ளியாக வரைந்தால் அது தாவித் தாவிப் போகும், நீளமான கோடாக வரைந்தால் விண்வெளிப் படத்து லேசர் ஆகிவிடும். நம் கண் ஒளியைக் கொஞ்ச நேரம் பிடித்து வைத்துக்கொள்வதால் உண்மையில் தெரிவது இரண்டுக்கும் நடுவில் ஒரு சின்ன இழை. அந்த இழையின் நீளத்தை இதில் அத்தனை அளவாகப் பிடித்திருக்கிறார்கள். செய்தவர் கையில் ஒரு முத்தம் கொடுக்கலாம்.

திரும்பிக்கொண்டே சுட்டுப் பாருங்கள். தோட்டாக்கள் வளைந்து போவது போலிருக்கும். தோட்டக் குழாயை வீசி ஆட்டினால் தண்ணீர் வளைகிறதே, அந்த மாதிரி. ஒவ்வொரு துளியும் தன் வழியில்தான் போகிறது. குழாய் திரும்புவதால் வரிசை வளைகிறது. நான் சுடும் தோட்டா என் பார்வைக் கோட்டிலேயே விலகிப் போவதால் மெதுவாக மிதப்பது போலத் தெரியும். தரையிலிருந்து என்னைச் சுடும் பீரங்கியின் பொறியோ முதலில் சோம்பலாக மேலே ஏறும், நம்மை நோக்கி வருகிறதா இல்லையா என்றே புரியாது, திடீரென்று சீறிக்கொண்டு விமானியறைக் கண்ணாடியைத் தாண்டும். அந்த ஒரு கணத்தில் ஒவ்வொரு முறையும் தலையைக் குனிந்துவிடுகிறேன். நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறோம் என்ற நினைப்பே அப்போது இருக்காது.

பழைய போர்ப் படங்களில் டிரேசர் புகை திருகாணி போலச் சுழன்று போவதைப் பார்த்திருப்பீர்கள். துப்பாக்கியின் அதிர்வில் கேமரா குலுங்குவதும் அதற்கு ஒரு காரணம். விமானி கண்ட காட்சி வேறு, படச்சுருள் கண்ட காட்சி வேறு. இந்த வேறுபாட்டை மதிக்கிற விளையாட்டைத்தான் நான் தலையில் வைத்துக் கொண்டாடுவேன்.

டிரேசரை முழுக்க நம்பவும் கூடாது. எரிய எரிய மருந்து தீர்ந்து எடை குறையும், காற்றின் இழுப்பும் மாறும், தூரம் போகப் போக அதன் பாதை மற்ற தோட்டாக்களை விட்டு விலகும். போதாததற்கு, சுடுகிறோம் என்று எதிரிக்கே சொல்லிக் கொடுத்துவிடும். அதனாலேயே அதை வேண்டாம் என்ற விமானிகள் அந்தக் காலத்தில் இருந்தார்கள்.

அந்தக் காலம் என்றால் எங்கள் வீட்டில் ஜப்பான்காரன் காலம். 1941 டிசம்பர் 11-ஆம் தேதி ஜப்பானிய விமானங்கள் ஜார்ஜ் டவுன் மீது குண்டு போட்டன. முதலில் மக்கள் தெருவில் நின்று வேடிக்கை பார்த்தார்கள். செத்தவர்களில் பலர் அப்படி நின்றவர்கள். பாட்டிக்கு அப்போது எட்டு வயது. தங்கையை இடுப்பில் தூக்கிக்கொண்டு, கூட்டத்தோடு கூட்டமாக ஆயர் ஈத்தாமுக்கு நடந்தே வந்தவர். அன்று பினாங்கைக் காக்க வானத்தில் ஒரு விமானம்கூட இல்லை.

இரண்டு நாள் கழித்து, 13-ஆம் தேதி, ஆஸ்திரேலியாவின் 453-ஆம் படையணி புரூஸ்டர் பஃபலோ விமானங்களோடு பட்டர்வொர்த்துக்கு வந்தது. அதை நடத்தி வந்த டிம் விகர்ஸ், பிரிட்டன் வான்போரில் பெயர் எடுத்தவர். சண்டையில் அவருடைய விமானம் தீப்பற்றியது. தீக்காயத்தோடு பாரசூட்டில் குதித்து இந்தத் தீவின் மலைக்காட்டில் இறங்கிப் பிழைத்தார். கொடிமலையை நிமிர்ந்து பார்க்கும் ஒவ்வொரு காலையும் எனக்கு அவர் ஞாபகம் வரும். அவர் கடைசியாகப் பார்த்த பொறிகள் எப்படி இருந்திருக்கும்? சோம்பலாக மிதந்து, திடீரென்று சீறி...

2006-இல் வந்த 'இல்-2 1946'-இல் பஃபலோவை நானே ஓட்டியிருக்கிறேன். குண்டுப் பீப்பாய்க்கு இறக்கை முளைத்த மாதிரி இருக்கும் அந்த விமானத்தின் மீது எனக்குத் தீராத பாசம். அந்தப் பழைய விளையாட்டில் டிரேசர் எளிமையானதுதான், ஆனாலும் அது போட்ட விதை இது. புதிய விளையாட்டில் பஃபலோ இல்லாதது ஒன்றே என் ஏக்கம். அதனால் ஹரிகேனில் ஏறிக்கொள்கிறேன். 1942 ஜனவரியில் சிங்கப்பூரைக் காக்க வந்திறங்கியதும் ஹரிகேன்தானே.

நேற்று ராத்திரி இதையெல்லாம் அப்பாவுக்குச் சொல்லிக்கொண்டிருந்தேன். கண்ணாடியைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"அம்மா சொல்வாங்கடா. ராத்திரியில மலையிலேர்ந்து பார்த்தா டவுன் எரியறது தெரியும்னு."

கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு கண்ணாடியைத் தானே மாட்டிக்கொண்டார்.

"பொழுதை ராத்திரிக்கு மாத்து. இந்தத் தடவ நான் ஓட்டறேன்."

மாற்றினேன். அப்பாவின் விரலைப் பிடித்து விசையின் மேல் வைத்தேன். பன்னிரண்டு குழலும் ஒரே நேரத்தில் வெடிக்க, சிவப்புப் பொறிகள் இருட்டுக்குள் போய்க்கொண்டே இருந்தன. கடைசிப் பொறி அணையும் வரை அப்பா விசையிலிருந்து கையை எடுக்கவில்லை.