உரியாவின் பெயர்
நூலக வாசகர்க்குப் பரிந்துரைக்கத்தக்க புதிய வாழ்க்கை வரலாறுகள்

தாவீதின் வாழ்க்கையை வேதாகமம் இருமுறை கூறுகிறது. இரண்டாம் சாமுவேலின் 11, 12 ஆம் அதிகாரங்கள் அரசனின் விபசாரத்தையும், உரியாவின் கொலையையும், நாத்தானின் கடிந்துரையையும் ஒளிவுமறைவின்றி எடுத்துரைக்கின்றன. அதே அம்மோனியப் போரை விவரிக்கும் முதலாம் நாளாகமம் 20 ஆம் அதிகாரமோ, தாவீது எருசலேமில் தங்கியிருந்தான் என்று கூறிவிட்டு, உடனே ரப்பாவின் வீழ்ச்சிக்குச் சென்றுவிடுகிறது. பத்சேபாளின் கண்ணீருக்கு அங்கே இடமில்லை. நாத்தானின் உவமைக்கும் இடமில்லை. உரியாவின் பெயர் வேறோர் அதிகாரத்தில் பராக்கிரமசாலிகளின் பட்டியலில் மட்டும் நிற்கிறது. அவன் எவ்வாறு மாண்டான் என்பது கூறப்படவில்லை.

நாளாகமத்தின் ஆசிரியரைப் பொய்யர் எனக் கூற நாம் துணியோம். சிறையிருப்பினின்று திரும்பி, ஆலயத்தையும் ஆராதனையையும் மீண்டும் கட்டியெழுப்ப முயன்ற மக்களுக்கு அவர் எழுதினார். அவர்களுக்கு ஊக்கம் தேவைப்பட்டது. தாவீது மக்களைத் தொகையிட்ட பாவத்தை அவரும் மறைக்கவில்லை. ஆயினும் திருமறையைத் தொகுத்தோர் நாளாகமத்தை மட்டும் வைத்துக்கொண்டு சாமுவேலை விலக்கிவிடவில்லை என்பதை நாம் கவனிக்கவேண்டும். அதற்கும் மேலாக, மத்தேயு தம் நற்செய்தியின் முதல் அதிகாரத்தில் ஆண்டவரின் வமிசத்தை வரையும்பொழுது, சாலொமோனின் தாயை அவளுடைய பெயரால் அழையாமல் உரியாவின் மனைவியாகவே குறிப்பிடுகிறார். மீட்பரின் வம்ச அட்டவணையிலேயே அநீதியாகக் கொல்லப்பட்டவனின் பெயர் பொறிக்கப்பட்டுள்ளது.

தமிழ்த் திருச்சபையில் நாம் எழுதியும் படித்தும் வரும் வாழ்க்கை வரலாறுகள் பெரும்பாலும் நாளாகமத்தின் வழி வந்தவை. மிஷனெரிமாரின் சரிதைகள், சபைகளின் நூற்றாண்டு விழா மலர்கள், மறைந்த ஆயர்களுக்கான நினைவு மலர்கள் ஆகிய இவற்றைப் புரட்டினால், அங்கே காணப்படுவோர் எல்லாரும் ஜெபவீரர்கள், தியாகச் செம்மல்கள். இவற்றால் பயனில்லை என்று நாம் கூறவில்லை. ஆனால் இவற்றை மட்டுமே உண்டு வளர்ந்த இளம் ஆயர், தம்முடைய குறையைக் கண்டு திகைக்கும் நாளிலோ, தாம் மதித்த ஒருவரின் வீழ்ச்சியைக் கேள்விப்படும் நாளிலோ, எங்கே சென்று நிற்பார்? குறையற்றோரின் வரலாறு கிருபைக்கு வேலை வைப்பதில்லை. மேலும், பெரியவரின் பிழையை மறைக்கும் எழுத்து, அப்பிழையால் காயமுற்றவரையும் சேர்த்தே மறைத்துவிடுகிறது.

ஆகவே, கடந்த பத்தாண்டுகளில் ஆங்கிலத்தில் வெளிவந்த வாழ்க்கை வரலாற்று நூல்களில் இறையியல் நூலகங்கள் வாங்கத்தக்கவை எனக் கருதும் நான்கினை இங்கே எடுத்துக்கொள்கிறோம். இவற்றுள் இரண்டு பிறரால் எழுதப்பட்ட வரலாறுகள். இரண்டு தன் நினைவுக் குறிப்புகள். நான்கையும் நாம் ஒரே கேள்வியால் அளந்து பார்க்கிறோம்: இந்நூலில் உரியாவின் பெயர் இருக்கிறதா?

முதலாவது, லிண்டல் ரோப்பர் 2016 இல் வெளியிட்ட ‘மார்ட்டின் லூதர்: ரெனிகேட் அண்ட் பிராஃபெட்’ என்னும் நூல். கலகக்காரரும் தீர்க்கதரிசியுமான லுத்தர் என்பது தலைப்பின் பொருள். ஆசிரியை ஆஸ்திரேலியாவில் பிறந்தவர்; ஆக்ஸ்ஃபோர்டில் ரீஜியஸ் வரலாற்றுப் பேராசிரியராகப் பொறுப்பேற்ற முதல் பெண்மணி. ரோலண்ட் பெயின்டன் 1950 இல் எழுதிய லுத்தர் வரலாற்றையே நம் இறையியல் கல்லூரிகளில் பல தலைமுறையினர் படித்து வந்துள்ளனர். அந்நூலின் வீறுமிக்க லுத்தரை அறிந்தோர்க்கு ரோப்பரின் லுத்தர் அயலவராகத் தோன்றக்கூடும். ரோப்பர் அவரை விட்டன்பர்க்கில் தொடங்காமல், அவருடைய தந்தை செப்பு உருக்கும் தொழில் நடத்திய மான்ஸ்ஃபெல்டு என்னும் சுரங்க ஊரில் தொடங்குகிறார். கடன், சச்சரவு, முரட்டுச் சொல் ஆகியவை மலிந்த அவ்வூரின் வாடையை லுத்தருடைய எழுத்துகளில் இறுதிவரை அவர் காண்கிறார். கடிதங்களை நுணுகிப் படித்து, லுத்தர் நண்பர்களைச் சேர்த்ததையும், மாறுபட்ட நண்பர்களை இரக்கமின்றி வெட்டிவிட்டதையும் காட்டுகிறார்.

1525 இல் கிளர்ந்தெழுந்த குடியானவர்களை ஒடுக்குமாறு லுத்தர் பிரபுக்களை ஏவியதும், 1543 இல் யூதர்களின் ஜெப ஆலயங்களைக் கொளுத்தவும் வீடுகளை இடிக்கவும் எழுத்தில் வலியுறுத்தியதும் நாம் அறிந்தவையே. முதுமையும் நோயும் அவரை அவ்வாறு பேசச் செய்தன என்று நாம் வழக்கமாகச் சமாதானம் சொல்லிக்கொள்வோம். அச்சமாதானத்தை ரோப்பர் ஏற்கவில்லை. யூத வெறுப்பு அவருடைய சிந்தனையின் ஓரத்தில் ஒட்டிய தூசியன்று, அதன் இழைகளோடு பின்னியது என்பதே அவர் முடிவு. அமெரிக்க இவாஞ்சலிக்கல் லுத்தரன் திருச்சபை 1994 இல் லுத்தரின் இவ்வெழுத்துகளை வெளிப்படையாகத் தள்ளி, யூத சமுதாயத்திடம் தன் வருத்தத்தைத் தெரிவித்தது. 1706 இல் தரங்கம்பாடி வழியாக லுத்தரின் மரபைப் பெற்ற நமக்கும் இது அயல்வீட்டுச் செய்தியாகாது. நூலில் குறையும் உண்டு. தந்தையோடு லுத்தர் கொண்ட பிணக்கின்மீது உளவியல் முறையில் ஆசிரியை அளவுக்கு மீறிய பாரத்தைச் சுமத்துகிறார். விசுவாசத்தினால் நீதிமானாக்கப்படுதல் என்னும் கோட்பாட்டைக் கற்க விரும்பும் மாணவர் வேறு நூலைத்தான் நாடவேண்டும்.

இரண்டாவது நூல், ஜானதன் ஐக் 2023 இல் எழுதிய ‘கிங்: எ லைஃப்’. 2024 ஆம் ஆண்டு வாழ்க்கை வரலாற்றுக்கான புலிட்சர் பரிசைப் பகிர்ந்துகொண்ட நூல்களுள் இது ஒன்று. மைக்கேல் எனப் பெயர் பெற்றிருந்த சிறுவன், அவருடைய தந்தை 1934 இல் ஜெர்மனி சென்று திரும்பியபின் மார்ட்டின் லுத்தர் ஆனார் என்பதை நினைத்தால், முதல் நூலிலிருந்து இதற்கு வருவது பொருத்தமே.

மார்ட்டின் லுத்தர் கிங்கைப்போல் நம் பிரசங்கங்களில் அடிக்கடி எடுத்தாளப்படும் நவீன காலத்தவர் சிலரே. ஆனால் நாம் எடுத்தாளும் கிங், கனவு கண்ட ஒரு நாளிலேயே உறைந்துவிட்டவர். ஐக் காட்டும் கிங் களைத்தவர். மனச்சோர்வால் மருத்துவமனையில் படுத்தவர். 1967 இல் வியட்நாம் போரைக் கண்டித்தமையால் நண்பர் பலரை இழந்தவர். 1955 இல் பாஸ்டன் பல்கலைக்கழகத்தில் பட்டம் பெற்ற ஆய்வேட்டில் பிறர் எழுத்தை உரிய குறிப்பின்றி எடுத்தாண்டவர் என்பதையும், மணவாழ்வில் உண்மை தவறியவர் என்பதையும் ஆசிரியர் மறைக்கவில்லை. துணைவியார் கொரெட்டாவைக் கணவரின் நிழலாகக் காட்டாமல், போர் எதிர்ப்பு மேடையில் அவருக்கு முன்னரே ஏறிய உடன் ஊழியராகக் காட்டியது இந்நூலின் சிறப்பு. இங்கே உரியாவின் இடத்தில் இருப்பவர் அவரே என நாம் கருதுகிறோம்.

இங்கே ஒரு கடினமான கேள்வி எழுகிறது. கிங்கின் தனிவாழ்வைப் பற்றிய செய்திகளில் பல, அமெரிக்க உளவுத்துறை இரகசியமாக ஒட்டுக்கேட்டுத் திரட்டியவை. 1964 இல் அத்துறையினர் ஒலிநாடா ஒன்றை அநாமதேயக் கடிதத்தோடு அனுப்பி, தற்கொலையே வழி எனத் தூண்டினர். நாத்தானும் தாவீதின் குற்றத்தைச் சொன்னான்; பகூரீமிலே சீமேயியும் கல்லெறிந்துகொண்டே தாவீதின்மேல் குற்றஞ்சாட்டினான். முன்னவன் அரசனின் மனந்திரும்புதலை நாடினான். பின்னவன் அவனுடைய அழிவை நாடினான். சீமேயியின் கைக் கல்லை நாத்தானின் சொல்லாக மாற்ற முடியுமா? ஐக் அப்பதிவேடுகளை ஐயத்தோடு கையாண்டு, திரட்டியவரின் நோக்கத்தையும் உடன் சேர்த்தே சொல்லுகிறார். அது நேர்மையான வழி. எனினும் அவர் பத்திரிகையாளர். கிங்கின் பிரசங்கங்களில் உள்ள இறையியலை ஆழ்ந்து ஆராயவில்லை. ஆயர்கள் அப்பிரசங்கங்களைத் தனியே எடுத்துப் படிப்பது நலம்.

மூன்றாவது, ஜேம்ஸ் கோன் எழுதிய ‘செட் ஐ வாஸன்ட் கானா டெல் நோபடி’. ஒருவரிடமும் சொல்வதில்லை என்றிருந்தேன் என்பது தலைப்பின் பொருள். கறுப்பினத் திருச்சபையின் பாடலொன்றிலிருந்து எடுக்கப்பட்டது. 2018 ஏப்ரலில் ஆசிரியர் மறைந்தபின் அவ்வாண்டிலேயே இந்நூல் வெளிவந்தது. ஆர்கன்சா மாநிலத்தின் பியர்டன் என்னும் சிற்றூரில் விறகு வெட்டியவரின் மகனாக வளர்ந்த கோன், கார்ல் பார்த்தின் மானிடவியலை ஆராய்ந்து முனைவர் பட்டம் பெற்றார். 1967 இல் டெட்ராய்ட் நகரம் எரிந்தபொழுது, தாம் கற்ற இறையியலில் அத்தீயைக் குறித்துச் சொல்ல ஒரு சொல்லும் இல்லை என்பதை உணர்ந்தார். அடுத்த ஆண்டு கிங் கொல்லப்பட்டபின், கோடை விடுமுறையில் தம் சகோதரரின் ஆலயத்தில் அமர்ந்து எழுதியதே 1969 இல் வெளிவந்த அவருடைய முதல் நூல்.

இந்நினைவுக் குறிப்பில் நம்மைக் கவர்ந்தது வெற்றிக் கதையன்று. கறுப்பினத்தாரின் விடுதலையைப் பேசிய முதல் நூல்களில் கறுப்பினப் பெண்களின் குரல் ஒலிக்கவில்லை என்று அப்பெண்களே எடுத்துக்காட்டியபொழுது, கோன் செவிகொடுத்தார். முதல் நூலின் 1989 ஆம் ஆண்டுப் பதிப்பில், ஆண்களை மட்டும் குறிக்கும் அதன் நடை தமக்கு வெட்கத்தைத் தருவதாக ஒப்புக்கொண்டு, அதைத் திருத்தாமல் நினைவூட்டலாக விட்டுவைத்தார். தம்மை வதைத்தவரின் பாவத்தை உரக்கச் சொன்னவர், தம் பாவத்தையும் சொல்ல அறிந்தார். முந்தைய நூல்களில் கூறியவற்றை ஆங்காங்கே மீண்டும் கூறுவதும், குடும்ப வாழ்வைப் பற்றிக் குறைவாகவே பேசுவதும் இதன் குறைகள். தலித் இறையியலைக் கற்கும் நம் மாணவர் எவரும் இந்நூலைப் படியாமல் விடலாகாது.

நான்காவது நூல் நம் அண்டை மாநிலத்தைச் சேர்ந்தது. அருந்ததி ராய் 2025 இல் வெளியிட்ட ‘மதர் மேரி கம்ஸ் டு மீ’, 2022 இல் மறைந்த அவருடைய தாயார் மேரி ராயைப் பற்றியது. கணவரைப் பிரிந்து, இரு குழந்தைகளோடு உதகமண்டலத்தில் தம் தந்தையின் வீட்டில் குடியேறிய அவரை, பெண்ணுக்குச் சொத்துரிமை இல்லை என்று கூறிக் குடும்பத்தாரே வெளியேற்ற வந்தனர். அவர்கள் காட்டிய திருவிதாங்கூர் கிறிஸ்தவ வாரிசுரிமைச் சட்டம் தமிழ்நாட்டில் செல்லாது என்பதனால் அவர் தப்பினார். 1916 இல் இயற்றப்பட்ட அச்சட்டப்படி, மகளுக்கு மகனின் பங்கில் நான்கில் ஒன்று அல்லது 5,000 ரூபாய், இவற்றில் எது குறைவோ அதுவே கிடைக்கும். மேரி ராய் தொடுத்த வழக்கில் 1986 இல் உச்சநீதிமன்றம், அச்சட்டம் 1951 ஆம் ஆண்டிலேயே வழக்கிழந்துவிட்டது எனத் தீர்ப்பளித்தது. சிரியன் கிறிஸ்தவப் பெண்களுக்குச் சமபங்கு கிடைத்தது. அத்தீர்ப்பைத் திருச்சபைகள் மகிழ்ந்து வரவேற்கவில்லை என்பது நாம் நாணத்தக்க செய்தி.

ஆனால் இந்நூல் ஒரு வீராங்கனையின் துதிப்பாடலன்று. கோட்டயத்தில் ரோட்டரி சங்கக் கூடத்தில் 1967 இல் பள்ளி தொடங்கி நூற்றுக்கணக்கான பிள்ளைகளுக்கு வாழ்வளித்த அத்தாய், தம் சொந்தப் பிள்ளைகளைச் சொல்லாலும் செயலாலும் காயப்படுத்தினார். இங்கே உரியாவின் பெயரைச் சொல்பவர் அக்காயத்தைச் சுமந்த மகளே. தாயைத் தொடர்ந்து நேசிக்க இயலவேண்டும் என்பதற்காகவே தாம் இளவயதில் வீட்டைவிட்டு நீங்கியதாக அவர் எழுதுகிறார். பெற்றோரைக் கனம்பண்ணும் ஐந்தாம் கட்டளையைப் போதிக்கும் நாம், இந்நூலை அக்கட்டளைக்கு மாறானதென்று தள்ளிவிடலாமா? உண்மையை மறைத்துக் கொடுக்கும் மரியாதையைவிட, உண்மையைத் தாங்கிக்கொண்டு கொடுக்கும் மரியாதை கனமானது என்றே நமக்குத் தோன்றுகிறது. ஆசிரியர் திருச்சபைக்கு வெளியே நின்று எழுதுபவர். அவருடைய சொற்கள் சில இடங்களில் நம்மைச் சுடும். நூலின் பிற்பகுதி அவருடைய பொதுவாழ்வை நோக்கித் திரும்பி, தாயை நெடுநேரம் மறந்துவிடுவதும் உண்மையே. எனினும் ஆலோசனை நாடிவரும் குடும்பங்களின் மூடிய கதவுகளுக்கு முன் நிற்கும் ஆயர்க்கு இது பெரிதும் துணைபுரியும்.

நான்கையும் ஒருங்கே வாங்க இயலாத நூலகங்கள், மாணவர்க்கெனக் கோனையும், ஆயர்க்கென ஐக்கையும் முதலில் வாங்கலாம். ஒரு வேண்டுகோளும் உண்டு. பிரசங்கத்திற்கு உவமை தேடி இந்நூல்களில் பக்கம் பக்கமாகத் தாவவேண்டாம், முழுமையாகப் படியுங்கள். துண்டாக்கப்பட்ட வாழ்க்கை மீண்டும் நாளாகமமாகிவிடும்.

இறுதியாக, இவை அனைத்தும் நமக்குரிய பணியை நினைவூட்டுகின்றன. சபை வரலாறு எழுதப் புறப்படும் மாணவர், ஆலயத்தைக் கட்டியவர் யார் என்று கேட்பதோடு நின்றுவிடலாகாது. அதே ஆலயத்தில் பின்வரிசையில் அமர்த்தப்பட்டவர் யார், கல்லறைத் தோட்டத்தில் சுவருக்கு அப்பால் புதைக்கப்பட்டவர் யார், நிறுவனரின் பணிக்குத் தம் வாழ்வையே எரித்த மனைவியின் பெயர் என்ன என்றும் கேட்கவேண்டும். விடை சிலவேளை விழா மலரில் இடம்பெறாது. எழுதுபவர் மூத்தோரின் சினத்திற்கும் ஆளாகலாம். ஆயினும் மத்தேயு தம் முதல் அதிகாரத்தை எழுதிய நாளில், உரியாவின் பெயர் நற்செய்திக்கு இழுக்கு என எண்ணவில்லை. அப்பெயரைத் தாண்டியே அவர் இயேசுவின் பெயருக்கு வந்து சேர்ந்தார்.